விரிப்பின் மறுமுனை

பல் டாக்டர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஒரு காப்பியும் நாற்பத்தொரு ஓவியங்களும் நிச்சயம் என்று அவருடைய நண்பர்கள் கேலி பேசுவார்கள். காப்பி ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஓவியங்கள் தீர மதியமாகிவிடும். கூடத்தில் தொடங்கி, மாடிப்படிச் சுவரோடு ஏறி, படுக்கையறைகளுக்குள் புகுந்து, குளியலறைக் கதவருகே தொங்கிய உள்ளங்கையளவுப் பென்சில் படம் வரைக்கும் ஒன்றையும் விடமாட்டார். "கிளினிக்ல நாம வாயைத் திறக்கணும், வீட்ல அவர் திறப்பார்" என்று சொல்லிச் சிரிப்பார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். ஆனால் வாரம் தவறாமல் வருகிறவரும் அவர்தான்.

டாக்டருக்கு இந்தக் கேலி பிடிக்கும். நாள்காட்டியைத் தவிர வேறெதுவும் சுவரில் தொங்காத வீட்டில் வளர்ந்தவர் அவர். துளையிடும் சத்தத்தைக் கேட்டு வெளியில் நடுங்கிக்கொண்டிருப்பவர்கள் பார்க்க ஏதாவது இருக்கட்டுமே என்றுதான் முதல் படத்தை வாங்கி கிளினிக்கில் மாட்டினார். அது இன்னொன்றைக் கூப்பிட்டது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதைக் கூப்பிட்டன. பிறகு புத்தகம் வாங்கிப் படித்தார், கண்காட்சிகளுக்கு அலைந்தார், எந்தப் படத்துக்கு எந்த வெளிச்சம் ஒத்துவரும் என்று ஏணியில் ஏறி நின்று மணிக்கணக்கில் யோசித்தார். ஐம்பத்தைந்து வயதில் அந்த ஊரில் ஓவியம் என்று யார் பேச்செடுத்தாலும், "டாக்டர்கிட்ட கேளுங்க" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

சாப்பாட்டறைப் படத்தை எப்போதும் கடைசிக்கு வைத்திருப்பார். பெரிய எண்ணெய் வண்ண ஓவியம். ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடம், அதில் நான்கு பெண்கள். இரண்டு பேர் பின்னால் துணியை அடுக்குகிறார்கள், ஒருத்தி கொதிகலன் பக்கம் குனிந்திருக்கிறாள். முன்னால் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்ட தாட்டியான ஒருத்தி, ஒரு வெள்ளை விரிப்பின் முனையை மடிப்பதற்காக இழுத்துப் பிடித்திருக்கிறாள். விரிப்பு விறைப்பாகப் படத்தின் குறுக்கே ஓடி, இடது பக்கச் சட்டத்தில் போய் முடிந்துவிடுகிறது. அங்கே ஆள் இல்லை.

"மறுமுனை எங்க?" என்பார் டாக்டர். வந்தவர்கள் தேடுவார்கள். அவர் கொஞ்சம் காத்திருப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "படத்துக்கு வெளியே. யார் பிடிச்சிருக்கா? நாமதான். 'சும்மா நின்னு வேடிக்கை பார்க்காதே, வந்து ஒரு கை பிடி'ன்னு ஓவியர் நம்மளைக் கூப்பிடுறாங்க. எவ்வளவு துணிச்சல் பாருங்க!" என்பார்.

"ஆகா" என்பார்கள். சிலருக்கு மெய்யாகவே புல்லரிக்கும். டாக்டர் இதைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் அவர் மனைவிக்கு மட்டும் அடுப்படியில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும். அவர் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஓவியத்தில் அவ்வளவாக ஈடுபாடு இல்லை போலும் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் ஒரு மாத இதழ் டாக்டருடைய வீட்டைப் பற்றி ஆறு பக்கம் எழுதியது. சாப்பாட்டறைப் படத்துக்கு முன்னால் அவர் கைகட்டி நிற்கும் புகைப்படம் ஒரு முழுப் பக்கத்துக்கு. அதன் கீழே பெரிய எழுத்தில், "மறுமுனையை நாம்தான் பிடித்திருக்கிறோம்." டாக்டர் பத்துப் பிரதி வாங்கினார். இரண்டைக் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில், புரட்டும்போது தற்செயலாகக் கண்ணில் படுகிற மாதிரிப் போட்டுவைத்தார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு பல்லை அடைத்துவிட்டு அது இறுகுவதற்காகக் காத்திருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"டாக்டருங்களா? உங்க வீட்ல ஒரு படம் இருக்கே, துணி மடிக்கிறது. அதை வரைஞ்சவ பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். வயதான, ஆனால் கணீரென்ற குரல். "அது எங்கயோ தொலைஞ்சே போச்சுன்னு நினைச்சிருந்தேன். பத்திரிகையில பார்த்தேன். நீங்க சொன்னதையும் படிச்சேன்."

"அம்மா! வணக்கம்மா. என்ன பாக்கியம்..."

"ரொம்ப யோசிச்சிருக்கீங்க" என்றார் அந்த அம்மாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. "போட்டோவுல சரியாத் தெரியலை. நேர்ல பார்க்கணும். நான் வரைஞ்சதையெல்லாம் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை வரலாமா?"

"தாராளமா வாங்கம்மா. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றது டாக்டரின் வாய். தொலைபேசியை வைத்த கை மரத்துப் போயிருந்தது. நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர், என்னவோ ஏதோவென்று கண்ணாலேயே கேட்டார்.

விஷயம் இதுதான். அந்தப் படத்தில் ஐந்து பெண்கள் இருந்தார்கள்.

பதினாறு வருடங்களுக்கு முன்னால், இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், சாப்பாட்டறையில் சன்னலுக்கும் தூணுக்கும் நடுவே இருந்த சுவரில் படம் அடங்கவில்லை. ஓரடி நீண்டுகொண்டு நின்றது. வேறு சுவரில் மாட்டியிருக்கலாம். ஆனால் அந்தச் சுவருக்குத்தான் காலை வெயில் வரும், அந்தச் சுவர்தான் வேண்டும் என்று டாக்டர் ஒற்றைக் காலில் நின்றார். அப்போது அது பேர் தெரியாத யாரோ வரைந்த படம். அவருக்கும் ஓவியம் என்றால் வீட்டுக்கு அழகு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஃபிரேம் கடைக்கு எடுத்துப்போய், "இடது பக்கம் ஓரடியை எடுத்துடுங்க மாஸ்டர்" என்றார். கடைக்காரர் தயங்கினார். டாக்டர் பிடிவாதம் பிடித்தார். கத்தி இறங்கியது.

அந்த ஓரடிக்குள்தான் ஐந்தாவது பெண் நின்றாள். விரிப்பின் மறுமுனையை அவள்தான் பிடித்திருந்தாள்.

எப்போது அந்த "மறுமுனை" விளக்கம் அவர் வாயில் வந்தது என்று அவருக்கே நினைவில்லை. மாட்டி இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு விருந்தாளி, "இந்தத் துணி ஏன் இப்படிப் பாதியில நிக்குது?" என்று கேட்டுவிட்டார். சமாளிப்பதற்காக ஏதோ சொன்னார். விருந்தாளி அசந்துபோனார். அடுத்தவரிடம் இன்னும் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னார். பிறகு பிறகு, தன் வாயால் சொன்னதைத் தானே நம்பத் தொடங்கிவிட்டார். ஐந்தாவது பெண்ணை அவர் மறந்தேபோனார் என்று சொன்னால் பொய்யில்லை. அந்தத் தொலைபேசி வரும்வரை.

மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம் சொன்னார். "அந்தம்மா வர்றாங்களாம்."

"எந்தம்மா?"

டாக்டர் வாயால் சொல்லாமல் தாடையால் சுவரைக் காட்டினார். மனைவி கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"வெட்டிட்டேன்னு."

"வெட்டினது ஃபிரேம் கடைக்காரர்."

"கத்தி அவர் கையில. வாய் உங்களுது" என்றார் மனைவி.

டாக்டர் அன்று படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

வெட்டிய துண்டு கிடைத்துவிட்டால் எப்படியாவது ஒட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை. அன்று சாயங்காலமே ஃபிரேம் கடைக்குப் போனார். கடை அப்படியேதான் இருந்தது. மரத்தூள், பசை வாடை, சுவர் முழுக்கச் சாய்த்துவைத்த சட்டங்கள். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, "அதை மறக்க முடியுமா டாக்டர் சார்?" என்றார். "வெட்ட வேணாம், ஓரத்தை மடிச்சுப் பின்னாடி தள்ளிடலாம், பின்னால வேணும்னா பிரிச்சுக்கலாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மடிச்சா புடைச்சுக்கிட்டு நிக்கும்னு சொல்லிட்டீங்க."

"அந்தத் துண்டு?"

"சுருட்டி, பேப்பர்ல சுத்தி உங்க கையிலதானே கொடுத்தேன். பத்திரமா வைங்கன்னு சொல்லிக் கொடுத்தேன்."

டாக்டர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். கிளினிக்குக்குத் திரும்பிப் பின்கதவைத் திறந்தபோது, கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்டது. துளையிடும் கருவிக்குக் காற்று கொடுக்கும் அந்த இயந்திரம் பின்னறையில் ஒரு மூலையில் கிடந்து வருடக்கணக்காகக் கடகடவென்று ஆடிக்கொண்டிருப்பது. முன்பு இதைவிட மோசமாக ஆடும். நோயாளிகள் தரையே அதிர்கிறது என்பார்கள். அந்த ஆட்டம் எப்படிக் குறைந்தது என்பது டாக்டருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மெஷினை அணைத்துவிட்டு, முட்டி போட்டு, ஒரு பக்கத்தைத் தூக்கி, கீழே கையைவிட்டார். நாலாக மடித்த கேன்வாஸ். எண்ணெய் ஊறி, தரையோடு ஒட்டிக் கறுத்துப்போயிருந்தது. அவரே மடித்து, அவரே திணித்தது. தடியான துணி, நன்றாகத் தாங்கும் என்று அன்றைக்கு மகிழ்ச்சிகூடப் பட்டிருந்தார். மெல்லப் பிரித்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வண்ணம் பொரிந்து உதிர்ந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் பழுப்புத் துணி. கைகள் மட்டும் ஓரளவு தப்பியிருந்தன. பத்து விரல்கள், வெள்ளைத் துணியை இறுகப் பிடித்தபடி.

அதை ஒரு பையில் போட்டு அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பதினொரு மணிக்கு ஓவியரம்மா தனியாக வந்து இறங்கினார். எழுபதைத் தொட்ட வயது, குள்ளமான உருவம், விரல் முட்டிகள் வீங்கிய பெரிய கைகள். வாசலிலேயே செருப்பைக் கழற்றியபடி, "வீடு எங்க இருக்குன்னு முக்குக் கடையில கேட்டேன். படக்கார டாக்டரான்னு கேட்டாங்க. சினிமாக்காரர் வீட்டுக்குப் போறோமோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தார். டாக்டரும் சிரித்தார். தன் சிரிப்பு தனக்கே கேட்க நன்றாயில்லை.

மற்ற படங்களை அவர் நின்று பார்க்கவில்லை. நேராகச் சாப்பாட்டறைக்குப் போனார். சுவருக்கு முன்னால் நின்றார். பிறகு இடது பக்கச் சட்டத்தின் விளிம்பில் விரலை வைத்து, மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார்.

"இது யாரு பண்ணினது?"

அவருக்குப் பின்னால், கதவோரம் மனைவி நின்றிருந்தார். டாக்டர் நாலு நாளாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதைத்தான் சொல்லப்போகிறோம் என்று அந்த நிமிடம்வரை அவரும் நம்பினார். வாயைத் திறந்ததும் வேறொன்று வந்தது.

"வாங்கும்போதே இப்படித்தான்மா இருந்தது."

ஓவியரம்மா திரும்பி அவரைப் பார்த்தார். அவர் நம்பிவிட்டார். அதுதான் கொடுமை. சந்தேகப்பட்டிருந்தாலாவது இரண்டு வார்த்தை தடுமாறி உண்மைக்கு வந்திருக்கலாம்.

"அப்போ தாடி அண்ணன் வேலையா இது?" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தாடி அண்ணன் என்பது படத்தை டாக்டருக்கு விற்ற கடைக்காரர். அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. "நான் சலவைக்கூடத்துல பதினோரு வருஷம் வேலை பார்த்தவ டாக்டர். சீருடையோட, சோப்பு நாத்தத்தோட படத்தைத் தூக்கிக்கிட்டுக் கடை கடையா ஏறினேன். உள்ளயே விடலை. அந்த அண்ணன்தான் தண்ணி கொடுத்து உட்கார வெச்சாரு. முதல்முதலா என் படத்தை சுவத்துல மாட்டின மனுஷன். அவர் போனப்ப என் கூடப்பிறந்தவன் போன மாதிரி அழுதேன். அவரா? யாரோ கேட்டாங்கன்னு அளவுக்கு வெட்டிக் கொடுத்திருக்காரே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

டாக்டர் தரையைப் பார்த்தார். தலை நிமிர்ந்தால் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"அந்த இடத்துல... யாராவது இருந்தாங்களாம்மா?" என்று கேட்டார். ஏன் கேட்டோம் என்று கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான்தான் இருந்தேன்" என்றார் ஓவியரம்மா. "என்னை நானே வரைஞ்சது அது ஒண்ணுதான். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கண்ணாடிக்கு எதிர்ல நின்னு வரைவேன். அதனால மத்த நாலு பேரும் வேலையைப் பார்ப்பாங்க, நான் மட்டும் நேரா பார்த்துக்கிட்டு நிப்பேன். பத்திரிகையில நீங்க சொன்னதைப் படிச்சேனா, மறுமுனையை நாமதான் பிடிச்சிருக்கோம்னு. முதல்ல சிரிச்சேன். நாமளா? நான்ல பிடிச்சிருந்தேன்! அப்புறம் சிரிப்பு வரலை."

மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். ஓவியரம்மா ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். கிளம்பும்போது, "படத்தைக் கண்காட்சிக்குக் கொடுங்க. கையேட்டுல இது வெட்டின படம்னு போடணும். யாரு வெட்டினாங்கன்னும் போடுவேன். செத்தவரா இருந்தா என்ன? அவர் மக இன்னும் அதே தெருவுலதான் இருக்கா, படிக்கட்டும்" என்றார். கோபத்தில் சொன்னாலும் கண்கள் கலங்கியிருந்தன.

வாகனம் தெருமுனை திரும்பும்வரை டாக்டர் வாசலில் நின்றார். உள்ளே வந்தபோது மனைவி சாப்பாட்டு மேசையில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார்.

"நீ ஏன் சொல்லலை?" என்று கேட்டார் டாக்டர். தன் தலையில் விழுந்ததைக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ள ஆள் தேடினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் மனைவி. "இத்தனை வருஷமா அடுப்படிக்கு ஓடி ஓடியே பழகிட்டேன். இன்னிக்கு ஓடக்கூடாதுன்னு நின்னேன். நின்னு என்ன புண்ணியம்? அந்தம்மா ஒரு நல்ல மனுஷரை என் கண் முன்னால திட்டினாங்க. கேட்டுக்கிட்டு நின்னேனே, எனக்கு வெட்கமா இருக்குங்க."

டாக்டர் மேசையிலிருந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வேலை ஓடவில்லை. ஒருவருக்கு வலது பக்கப் பல்லுக்குப் பதில் இடது பக்கத்தில் மருந்தூசி போடப் போய்விட்டார். நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் போட்டுவைத்த இதழ்களை எடுத்து மேசையடியில் போட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பையைத் திறந்து மனைவியிடம் காட்டினார். கம்ப்ரஸரைப் பற்றியும் சொன்னார். மனைவி வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்தார்.

"நாளைக்கே போங்க" என்றார். "போனா முழுசாச் சொல்லுங்க. சுவருக்காகத்தான் வெட்டினேன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க."

டாக்டருக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

புதன்கிழமை மதியத்துக்கு மேல் கிளினிக்குக்கு விடுமுறை. ஓவியரம்மா மாடியில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார். முன்னறையில் ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு பெரிய மேசை. சுவர்களில் ஒரு படம்கூட இல்லை. இருந்தவையெல்லாம் முதுகைக் காட்டியபடி தரையில் சாய்த்துவைக்கப்பட்டிருந்தன. தன் வீட்டுச் சுவர்களை நினைத்து டாக்டருக்குக் கூச்சமாக இருந்தது.

"உட்காருங்க டாக்டர். படம் தர்றதுல ஏதும் சிக்கலா?"

டாக்டர் உட்காரவில்லை. "நான்தான்மா வெட்டினேன்" என்றார். "படத்தை வித்தவர் முழுசாத்தான் கொடுத்தார். அவர் மேல எந்தத் தப்பும் இல்லை. அன்னிக்கு நான் சொன்னது பொய்." பிறகு சுவர், சன்னல், தூண், ஓரடி என்று எல்லாவற்றையும் கொட்டினார். பையிலிருந்ததை மேசைமேல் வைத்தார்.

ஓவியரம்மா துண்டைப் பிரித்தார். அறை முழுக்க மெஷின் எண்ணெய் வாடை பரவியது. முகம் இருந்த இடத்தை அவருடைய கை தடவிவிட்டு அப்படியே நின்றது. சன்னலுக்கு வெளியே யாரோ யாரையோ சத்தம்போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூணு நாளா அந்த அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே" என்றார் கடைசியில். "நேத்து அவர் மக தெருவுல எதிர்ல வந்தா. முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனேன். பாவம், என்ன ஏதுன்னு தெரியாம நின்னா." துண்டை இன்னும் கொஞ்சம் விரித்தார். விரித்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "சுவருக்காகன்னா வலது பக்கம் வெட்டியிருக்கலாமே? அங்க வெறும் துணி மூட்டைதானே இருந்தது? ஏன் இடது பக்கம்?"

மனைவி சொன்னது இதைத்தான்.

"உங்க முகம்..." என்று தொடங்கி நிறுத்தினார். "சாப்பிடும்போது அந்த முகம் என்னையே பார்த்துக்கிட்டு இருந்ததும்மா. ஏதோ நான் தப்பு பண்ணிட்ட மாதிரி. பழைய வீட்டுலேயே எனக்கு அது பிடிக்கலை. சுவர் ஒரு சாக்கு."

சொல்லி முடித்ததும், பல்லைப் பிடுங்கியபின் நாற்காலியில் கிடப்பவர்கள் ஏன் அப்படிக் கையைப் பிசைகிறார்கள் என்று அவருக்கு விளங்கியது. அவருடைய கை தானாகவே பிசைந்துகொண்டிருந்தது.

ஓவியரம்மா ஒரு வறட்டுச் சிரிப்புச் சிரித்தார். "எனக்குந்தான் என் முகம் பிடிக்காது. அதனாலதான் ஒரு தடவைக்கு மேல வரையலை." சிரிப்பு அடங்கியது. "ஆனா நான் வெட்டலையே டாக்டர்."

"இல்லம்மா."

"மன்னிச்சுடுங்கன்னு கேட்கப்போறீங்களா?"

"கேட்க வாய் வரலை."

"நல்லது. கேட்டா நான் ஏதாவது பதில் சொல்லணும்" என்று துண்டை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டுவேன். என்ன நடந்ததோ அதை எழுதி வைப்பேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் டாக்டர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் பேரைப் போடுவீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட மாத்திரத்தில், அந்த அறையில் அதுவரை பட்ட அவமானமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

ஓவியரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "போடலை. போட்டாத்தான் தெரியுமா? உங்களை அந்தப் படத்துக்கு முன்னால நிக்கவெச்சு, முழுப் பக்கத்துக்கு போட்டோ போட்டிருக்காங்களே!"

அன்று சாயங்காலமே ஓவியரம்மா தாடி அண்ணனின் மகளைத் தேடிப் போனார் என்று பின்னால் கேள்விப்பட்டார் டாக்டர். என்ன பேசினார்கள் என்று தெரியாது. தானும் போயிருக்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வாரம் போனார். அந்தப் பெண் வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டுவிட்டு, "சரி" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கண்காட்சி இரண்டு மாதம் கழித்துத் தொடங்கியது. டாக்டர் போகாமல் இருக்க ஆயிரம் காரணம் கண்டுபிடித்தார். மனைவி ஒவ்வொன்றையும் கணக்கு நோட்டைத் திருத்துவதுபோல அடித்துவிட்டு, கிளம்பி நின்றார். உள்ளே போனதும் கண்ணில் பட்டது அதுதான். பெரிய படம். அதற்கு இடது பக்கம் நாலு விரற்கடை இடைவெளி விட்டு, ஒரு பலகையில் பதித்த அந்தக் கறுத்த துண்டு. விரிப்பு அங்கிருந்து இங்கே வந்தது. பிடித்திருந்த கைகள் தெரிந்தன. கைகளுக்கு மேலே முகம் இல்லை. பக்கத்தில் ஒரு சின்ன அட்டை:

"சலவைக்கூடம். எண்ணெய் வண்ணம். வாங்கியவர் வீட்டுச் சுவருக்குப் பொருந்துவதற்காகவும், ஓரத்தில் நின்ற பெண்ணின் முகம் அவருக்குப் பிடிக்காததாலும் இடது பக்கம் வெட்டப்பட்டது. அந்தப் பெண் நான்."

அட்டைக்கு முன்னால் வங்கி மேலாளர் நின்றிருந்தார். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார். திரும்பியபோது டாக்டர் எதிரே நின்றார்.

"அந்த மறுமுனைக் கதையை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்றார் மேலாளர். குரலில் கோபம் இல்லை. ஏமாந்தவனின் களைப்புதான் இருந்தது. "நான் ஓய்வுபெற்ற அன்னிக்கு மேடையில பேசினேன்யா அதை. எல்லாரும் கை தட்டினாங்க."

"தெரியும். நானும் அங்க இருந்தேனே. நானும்தான் கை தட்டினேன்."

"இனிமே கேட்கிறவங்ககிட்ட என்ன சொல்றது?"

"நான் வெட்டினேன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மேலாளர் அவருடைய தோளை ஒருமுறை தொட்டுவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். வந்தவர்கள் வருவதும் படிப்பதுமாக இருந்தார்கள். சிலர் உச்சுக் கொட்டினார்கள். இரண்டு பேர் டாக்டரை அடையாளம் கண்டு ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். மனைவி அவர் பக்கத்திலேயே நின்றார். "போதும், போகலாமா?" என்று டாக்டர் மெல்லக் கேட்டபோது, "இன்னும் கொஞ்ச நேரம்" என்றார்.

கூட்டத்துக்கு நடுவே இருந்த ஓவியரம்மா அவர்களைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். தன் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "டாக்டர், இந்தக் கடைவாய்ப் பல்லு நாலு நாளா உயிரை வாங்குது" என்றார். "நாளைக்கு வரட்டுமா?"

"வாங்கம்மா. பத்து மணிக்கு வந்துடுங்க."

"வர்றேன். ஆனா பிடுங்கறதா இருந்தா என்னைக் கேட்டுட்டுப் பிடுங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மனைவிகூடச் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்க முயன்றார், வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் பத்து மணிக்கு வேறொருவர் வருவதாக இருந்தது ஞாபகம் வந்தது. அவரை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்ல, தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.